மிளகுக்கு ஒரு ரூம் கிடைக்குமா? நாயோடு 2,700 கிலோமீட்டர், நான்கு மோட்டல் இரவுகள்!

இரவு மணி 10.20. அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் கேலப் என்ற சிறிய ஊர். நெடுஞ்சாலையோர மோட்டல் ஒன்றின் ரிசப்ஷனில் அந்தக் குடும்பம் நிற்கிறது. கணவர், மனைவி, ஒன்பது வயது மகள். மூவரின் காலடியில், இதற்கு மேல் ஒரு அடிகூட நடக்க முடியாது என்பதுபோல் படுத்துவிட்ட கறுப்பு நாய். பெயர், மிளகு.

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர் நிமிர்கிறார். "நாய் எத்தனை பவுண்டு?"

"68."

"மன்னிக்கணும். இங்கே 50 பவுண்டு வரைக்கும்தான்."

புக் செய்த ஆப்பில் 'செல்லப் பிராணிகளுக்கு அனுமதி உண்டு' என்று பச்சை எழுத்தில் பளிச்சென்று இருந்தது. எடைக் கட்டுப்பாடு மட்டும் 'மேலும் படிக்க' என்ற இடத்துக்குள் ஒளிந்திருந்தது. அன்று காலையிலிருந்து 690 கிலோமீட்டர் ஓட்டி வந்த களைப்பில் கணவர் குரலை உயர்த்தப் பார்க்க, மனைவி அவர் கையைப் பிடித்து அழுத்துகிறார். அந்த இளைஞர் என்ன செய்வார்? விதியை எழுதியவர் அவரில்லை.

மூவரும் வெளியே வருகிறார்கள். மிளகை எழுப்பி நிறுத்தவே இரண்டு பேர் வேண்டியிருந்தது.

பொள்ளாச்சியைச் சொந்த ஊராகக் கொண்ட தம்பதி இவர்கள். டெக்சாஸின் டல்லாஸில் 14 வருட வாசம். அங்கே ஒரு விலங்குகள் காப்பகத்திலிருந்து குட்டியாகத் தத்தெடுத்து வந்ததுதான் மிளகு. லாப்ரடார் கலப்பு. மகள் பிறப்பதற்கு மூன்று வருடம் முன்பே வீட்டுக்கு வந்துவிட்டதால், வீட்டில் அதுதான் மூத்த பிள்ளை. இப்போது 12 வயது. இடுப்பு மூட்டுகளில் தேய்மானம், சிறுநீரகத்தில் லேசான பலவீனம். அந்த வயது நாய்க்கு வரக்கூடியவைதான்.

கணவரின் வேலை கலிஃபோர்னியாவுக்கு மாறியது. வீட்டுச் சாமான்களுக்கு லாரி பேசியாயிற்று. மிளகை என்ன செய்வது? நண்பர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "யாருக்காவது குடுத்துட்டுப் போயிடுங்க" என்றார் ஒருவர். இன்னொருவர் தயங்கித் தயங்கி, "வயசாயிடுச்சு... டாக்டர்கிட்ட பேசிப் பாருங்களேன்" என்றார். என்ன சொல்ல வருகிறார் என்று புரிந்ததும் மனைவி பேச்சை மாற்றிவிட்டார்.

விமானத்தில் கொண்டுபோக வழியில்லை. சீட்டுக்கு அடியில் வைக்கும் கூடைக்குள் அடங்குகிற குட்டி நாய்களுக்குத்தான் பயணிகள் பகுதியில் இடம். பெரிய நாய்களைச் சரக்குப் பகுதியில் ஏற்றுவதை அமெரிக்காவின் பல விமான நிறுவனங்கள் நிறுத்திவிட்டன. ஏற்றுபவர்களிடம்கூட, கோடையில் 12 வயது நாயை ஒப்படைக்க எந்த வீட்டுக்கும் மனசு வராது. ஆம்ட்ராக் ரயிலில் கூடையோடு சேர்த்து 20 பவுண்டு வரைதான் அனுமதி. கிரேஹவுண்ட் என்று நாயின் பெயரையே வைத்திருக்கும் பஸ் கம்பெனியிலோ, செல்ல நாய்க்கு இடமே கிடையாது!

ஆக, கார் ஒன்றுதான் வழி. இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டினால் இரண்டு இரவுத் தங்கலில் முடிகிற தூரம். மிளகுக்காக நான்கு இரவுகள் என்று திட்டமிட்டார்கள். பின்சீட்டில் பாதியை மடக்கி, தடித்த மெத்தை போட்டு, நாய்க்கென்றே விற்கும் பெல்ட் வாங்கி மாட்டியாயிற்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி நடக்கவிட வேண்டும் என்பது டாக்டரின் கண்டிப்பான உத்தரவு.

மோட்டல் என்றால் என்ன?

தமிழ்நாட்டில் மோட்டல் என்றதும் நினைவுக்கு வருவது வேறு. நடுராத்திரியில் டிரைவர் பஸ்ஸை நிறுத்த, தூக்கக் கலக்கத்தில் இறங்கி, ஆறிப்போன தோசையை அநியாய விலைக்குச் சாப்பிட்டுவிட்டு ஏறுவோமே, அந்த இடம். அமெரிக்க மோட்டல் அப்படியல்ல. அது ராத்தங்கும் இடம். ஹோட்டலுக்கும் அதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் கதவு. ஹோட்டலில் லாபி, லிஃப்ட், நீள வராந்தா எல்லாம் தாண்டித்தான் அறை. மோட்டலில் அறைக் கதவைத் திறந்தால் எதிரே உங்கள் கார்.

மோட்டார், ஹோட்டல் இரண்டையும் சேர்த்துச் செய்த சொல் அது. 1925ல் கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில், ஆர்தர் ஹெய்ன்மன் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய 'மைல்ஸ்டோன் மோ-டெல்'தான் முதல் மோட்டல் என்று சொல்வார்கள். ஓர் இரவுக்கு ஒன்றேகால் டாலர். 'மோட்டார் ஹோட்டல்' என்று முழுசாக எழுத போர்டில் இடம் போதாமல் சுருக்கினார் என்றொரு கதையும் உண்டு.

மூட்டு வலிக்கும் நாய்க்கு இந்தக் கதவு எவ்வளவு பெரிய வரம் என்பதைப் பெற்றவர்களைக் கேட்டால்தான் தெரியும். படி இல்லை. லிஃப்ட் இல்லை. லிஃப்டுக்குள் இன்னொரு நாயோடு முட்டிக்கொள்ளும் வம்பு இல்லை. நள்ளிரவில் அவசரம் என்றால், பத்தடி நடந்தால் புல்தரை.

நாயும் காரும் அமெரிக்காவுக்குப் புதிய கூட்டணி அல்ல. 1903ல் ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன் என்ற டாக்டர், 50 டாலர் பந்தயத்துக்காக சான்ஃப்ரான்சிஸ்கோவில் காரைக் கிளப்பி 63 நாளில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். நாட்டின் குறுக்கே கார் ஓட்டிய முதல் மனிதர் அவர். கூடவே மெக்கானிக் ஒருவர். வழியில் ஐடஹோவில் 'பட்' என்ற புல்டாக்கும் சேர்ந்துகொண்டது. காரில் கண்ணாடித் தடுப்பு இல்லை, சாலையெல்லாம் புழுதி. பட்டின் கண்கள் எரிய, மனிதர்கள் மாட்டும் கண்ணாடியை அதற்கும் மாட்டிவிட்டார்கள். அந்தக் கண்ணாடி இன்றும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பாட்டியின் கணக்கு

முதல் இரவு, டெக்சாஸின் அமரில்லோ. மோட்டலில் மிளகுக்குத் தனியாக 15 டாலர். ரேபிஸ் ஊசி போட்ட சான்றிதழைக் கேட்டார்கள், காட்டியாயிற்று. 'நாயை அறையில் தனியாக விட்டுவிட்டு வெளியே போகமாட்டோம்' என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

பொள்ளாச்சியிலிருந்து பாட்டி வீடியோ காலில் வந்தார்.

"ஏஞ்சாமி, நாய்க்குத் தனியா வாடகையா? நம்ம காசுக்கு எவ்வளவு?"

"ஆயிரத்து முந்நூறு ரூவா வரும்மா" என்றார் மகன்.

"அடக் கடவுளே! காருக்குள்ள படுக்க வெச்சா ஆகாதா?"

ஆகாது. அமெரிக்க கால்நடை மருத்துவச் சங்கத்தின் கணக்கு ஒன்று இருக்கிறது. வெளியே 21 டிகிரி என்ற சுகமான வெயிலில்கூட, பூட்டிய காருக்குள் பத்து நிமிடத்தில் வெப்பம் 32 டிகிரியைத் தொடும். அரைமணி நேரத்தில் 40. ஜூன் மாத டெக்சாஸில் வெளியிலேயே 37 என்றால் உள்ளே என்னவாகும்? நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். காற்றே சூடாக இருந்தால் அதுவும் பலிக்காது.

இதன் நேரடி விளைவு, குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடவே முடியவில்லை. நாயைக் காரில் விடக்கூடாது, அறையிலும் தனியாக விடக்கூடாது, ஹோட்டலுக்குள் கூட்டிப்போகவும் முடியாது. ஒருவர் சாப்பிட, ஒருவர் வாசலில் நாயைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டு வேளை அப்படி முயன்று பார்த்தார்கள். பிறகு எலெக்ட்ரிக் குக்கர் வெளியே வந்தது. தயிர் சாதம், ஊறுகாய், சிப்ஸ். மிளகுக்கு உப்பில்லாத வெறும் சோறும் வேகவைத்த கோழியும். மோட்டல் அறையின் தரையில் நால்வருக்கும் ஒரே பந்தி.

அமரில்லோவுக்கு நாய்க் கதை ஒன்று ஏற்கெனவே உண்டு. எழுத்தாளர் ஜான் ஸ்டெய்ன்பெக் 1960ல் தன் பூடில் நாய் சார்லியோடு அமெரிக்காவைச் சுற்றிவந்தார். 1962ல் அது 'டிராவல்ஸ் வித் சார்லி' என்ற புத்தகமானது. நோபல் பரிசு கிடைத்ததும் அதே ஆண்டில்தான். சார்லியும் வயதான நாய். வழியில் சிறுநீர் போக முடியாமல் அவதிப்பட்டது. ஸ்போகேன் நகரில் பார்த்த டாக்டர் சரியில்லை. அமரில்லோவில் கிடைத்த இளம் டாக்டர்தான் சில நாள் வைத்துப் பார்த்துத் தேற்றிக் கொடுத்தார். சமைக்கவும் படுக்கவும் வசதி செய்த டிரக்கில் நாயோடு தங்கித் தங்கிப் போனதாகத்தான் அந்தப் புத்தகம் படிப்பவர் மனதில் பதியும். ஆனால், 2010ல் பில் ஸ்டைகர்வால்ட் என்ற பத்திரிகையாளர் அதே பாதையில் போய்த் துருவிப் பார்த்தபோது, எழுத்தாளர் பெரும்பாலான இரவுகளை ஹோட்டலிலும் மோட்டலிலும்தான் கழித்திருக்கிறார் என்று தெரியவந்தது. இலக்கிய உலகில் அது சர்ச்சையானது. நாயோடு நாலு நாள் பயணம் செய்தவர்கள் யாரும் ஸ்டெய்ன்பெக்கைக் குறை சொல்லமாட்டார்கள். ராத்திரி ஒரு நல்ல கட்டிலும் சுடுதண்ணீரும் வேண்டியிருக்கிறது!

மறுநாள் காலை, ஊருக்கு மேற்கே 'காடிலாக் ராஞ்ச்'. 1974ல் கலைஞர்கள் சிலர் பத்து காடிலாக் கார்களைத் தலைகீழாக நிலத்தில் நட்டுவைத்த இடம். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் ஸ்பிரே பெயின்ட் அடிக்கலாம். மகள் ஒரு காரில் தமிழில் 'மிளகு' என்று எழுதினாள். பத்து நிமிடத்துக்குள் அதன் மேல் யாரோ ஒரு மஞ்சள் இதயம் வரைந்துவிட்டார்கள்.

கேலப்பில் அந்த ராத்திரி

மீண்டும் கேலப். காருக்குள் மகள் தூங்கி விழுகிறாள். "நானும் மிளகும் வண்டியிலயே படுத்துக்கறோம். நீங்க ரெண்டு பேரும் ரூமுக்குப் போங்க" என்கிறார் கணவர். கேலப் கடல்மட்டத்திலிருந்து சுமார் 6,500 அடி உயரம். இரவில் குளிர்கிற ஊர்தான், ஆபத்தில்லை. ஆனால், காலையில் ஓட்ட வேண்டியவர் அவர்.

"ஏங்க, ரெண்டு நாளா சரியா தூக்கமில்ல உங்களுக்கு. அதெல்லாம் வேண்டாம்" என்று மறுத்துவிட்டார் மனைவி.

இன்னொரு குறுக்குவழியும் அவர்கள் போனிலேயே இருந்தது. டல்லாஸ் நண்பர் அனுப்பிய லிங்க். 'சர்வீஸ் டாக்' என்று எழுதிய சிவப்புச் சட்டை ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும், மாட்டிவிட்டால் எந்த மோட்டலும் கேள்வி கேட்காது என்று எழுதியிருந்தார். அவர் சொன்னது பாதி உண்மை. பார்வையற்றவர்கள், வலிப்பு நோயாளிகள் போன்றவர்களுக்கு உதவப் பயிற்சி பெற்ற நாய்களை அமெரிக்கச் சட்டம் செல்லப் பிராணியாகவே கருதுவதில்லை. அவற்றுக்கு இடம் மறுக்கக்கூடாது, கட்டணம் வாங்கக்கூடாது. இரண்டே கேள்விகள் கேட்கலாம்: உடல்நலக் குறைபாட்டின் காரணமாகத் தேவைப்படும் நாயா, என்ன வேலைக்குப் பழகியிருக்கிறது? சான்றிதழ் கேட்கக்கூட உரிமையில்லை. அந்த நம்பிக்கையைத்தான் சிலர் சிவப்புச் சட்டையாக்கி விற்கிறார்கள். பல மாநிலங்களில் இப்படிப் பொய் சொல்வது குற்றம். அதைவிட முக்கியம், அறையைக் கடித்துக் குதறும் ஒரு போலி 'சர்வீஸ் டாக்', அடுத்து வரும் உண்மையான பார்வையற்றவரைச் சந்தேகத்தோடு பார்க்க வைத்துவிடுகிறது. அவர்கள் அந்தச் சட்டையை வாங்கவே இல்லை. ஆனாலும், "அன்னைக்கு ராத்திரி கையில இருந்திருந்தா மாட்டிவிட்டிருப்பேனோ என்னமோ" என்று கணவர் பிற்பாடு மனைவியிடம் ஒப்புக்கொண்டார்.

கேலப்பின் பிரதான வீதியே பழைய ரூட் 66தான். 1926ல் சிகாகோவிலிருந்து கலிஃபோர்னியா கடற்கரை நோக்கிப் போடப்பட்டு, 1985ல் அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்ட நெடுஞ்சாலை. நியான் போர்டு வைத்த பழைய மோட்டல்கள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. மூன்று இடத்தில் கேட்டார்கள். ஒன்றில் அறை இல்லை, ஒன்றில் நாய் கூடாது, மூன்றாவதில் யாரும் கதவே திறக்கவில்லை.

நான்காவதில் பாதி எழுத்துகள் அணைந்துபோன போர்டு. ரிசப்ஷன் கதவைத் தள்ளியதும் ஊதுபத்தி வாசனை. அதற்குப் பின்னாலேயே கடுகும் சீரகமும் தாளித்த வாசனை. சுவரில் சிறிய பூஜை அலமாரி. உள்ளேயிருந்து சால்வை போர்த்திய ஒரு குஜராத்தி மூதாட்டி வந்தார்.

இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அமெரிக்காவில் ஹோட்டல் தொழில் செய்யும் இந்திய வம்சாவளியினர் 1989ல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். நாட்டின் ஹோட்டல்களில் சுமார் 60 சதவீதம் தங்கள் உறுப்பினர்கள் கையில் இருப்பதாக அந்தச் சங்கம் சொல்கிறது. அவர்களில் பெரும்பாலோர் குஜராத்திகள், அதிலும் பட்டேல்கள். ஊரிலிருந்து வந்தவர்கள் பாதி என்றால், 1972ல் இடி அமீன் விரட்டியதால் உகாண்டாவிலிருந்து வந்தவர்களும் உண்டு. ஓடாத மோட்டலை வாங்கி, ஆபீஸுக்குப் பின்னாலேயே குடியிருந்து, துணி துவைப்பதிலிருந்து கணக்கு எழுதுவதுவரை குடும்பமே பார்த்துக்கொண்டு மேலே வந்தார்கள். இப்போது சங்கிலி மோட்டல்களிலேயே இந்திய நிறுவனம் நுழைந்துவிட்டது. 1962ல் ஆறு டாலர் வாடகையில் தொடங்கி, நாய்களுக்கு இடம் கொடுப்பதற்குப் பேர்போன 'மோட்டல் 6' சங்கிலியை, 52.5 கோடி டாலருக்கு வாங்குவதாக 2024ல் அறிவித்தது நம்ம 'ஓயோ'தான்!

பட்டேல்களின் போட்டியைச் சமாளிக்க, 'இது அமெரிக்கர் நடத்தும் மோட்டல்' என்று போர்டு மாட்டிய காலமும் இருந்தது. அதற்கும் முன்னால் நிலைமை இன்னும் மோசம். கறுப்பினக் குடும்பங்கள் எந்த ஊரில் எந்த விடுதியில் தங்கலாம் என்று பார்க்க 'கிரீன் புக்' என்ற கையேட்டைக் காரில் வைத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டியிருந்தது. 1936ல் தொடங்கி 1960கள் வரை அந்தக் கையேடு வந்தது. ஸ்டெய்ன்பெக் பூடில் நாயோடு ஊர் சுற்றிய அதே 1960ல், தோலின் நிறத்தைப் பார்த்து 'ரூம் இல்லை' என்று சொன்ன மோட்டல்கள் இந்தச் சாலையிலும் இருந்தன.

மூதாட்டி மிளகைப் பார்த்தார். முகத்தில் எந்தப் பிரியமும் தெரியவில்லை.

"கடிக்குமா பேட்டா?"

"இல்லீங்க ஆன்ட்டி. எந்திரிக்கவே மாட்டேங்குது" என்றார் மனைவி, தனக்குத் தெரிந்த ஹிந்தியில்.

"நாய்க்கு 20 டாலர். டெபாசிட் 50. கட்டில்ல ஏறக் கூடாது. ரூம் கெட்டா டெபாசிட் வராது." விரலை விரித்து விரித்துச் சொன்னார். பிறகு, கேட்காமலே, கடைசியில் இருக்கும் தரைத்தள அறைச் சாவியை எடுத்துக் கொடுத்தார். "அங்கதான் புல்லு இருக்கு."

ராத்திரி முழுக்கச் சரக்கு ரயில்கள். கேலப்பில் தண்டவாளம் ரூட் 66க்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. ஒவ்வொரு ரயிலும் முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். மூன்று மணிக்கு மேல் மகள் அப்பாவை எழுப்பினாள். "அப்பா... மிளகு ஒண்ணுக்குப் போயிடுச்சு."

கார்ப்பெட்டில் ஒரு பெரிய ஈரவட்டம். பக்கத்தில் மிளகு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. குட்டியாக வந்த முதல் மாதத்துக்குப் பிறகு, இந்த 12 வருடத்தில் அது வீட்டுக்குள் இப்படிச் செய்ததே இல்லை. கதவருகே போய் நின்றிருக்கிறது. ரயில் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

இருந்த துண்டுகளையெல்லாம் போட்டு ஒற்றி எடுத்தார்கள். விடிந்தபோது கறை தெரியவில்லை. ஏசியைப் போட்டுவிட்டதில் வாசனையும் இல்லை. கணவர் பைகளைக் காரில் ஏற்றிவிட்டு, "ஒண்ணுமே தெரியல. கிளம்பிடலாம்" என்றார், குரலைத் தாழ்த்தி. 50 டாலர் மட்டுமல்ல காரணம். முந்தின நாள் நான்கு இடம் ஏறி இறங்கிய அவமானம். கிடைத்த ஒரு இடத்திலும் திட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டுமா?

மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி எதுவும் பேசாமல் ஆபீஸை நோக்கி நடந்தார்.

மூதாட்டி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, முட்டியைப் பிடித்தபடி மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையால் கார்ப்பெட்டை அழுத்திப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"எப்போ?"

"மூணு மணி இருக்கும் ஆன்ட்டி."

"நல்லவேளை சொன்னீங்க." எழுந்துகொண்டே விளக்கினார். மேலே துடைத்தால் போதாது. அடியில் இருக்கும் பஞ்சுவரை இறங்கியிருக்கும். அதற்கென்று என்சைம் கலந்த திரவம் இருக்கிறது, ஊறவைத்து எடுக்க வேண்டும். அமோனியா கலந்த சாதாரண கிளீனரைப் போட்டால் நாயின் மூக்குக்கு அதுவும் சிறுநீர் வாசனைதான். மனிதனுக்குத் தெரியாமல் காய்ந்துபோன இடத்தை, அடுத்து வரும் நாய் நேராகத் தேடிப்போய் அதே இடத்தில் போகும். அதற்கடுத்த நாயும் அங்கேயே. இப்படித்தான் ஒரு அறையின் கார்ப்பெட்டை முழுவதுமாகப் பிய்த்துப் போட வேண்டி வந்ததாம். நாய் அலர்ஜி உள்ளவருக்கு அந்த அறையைக் கொடுக்கவும் முடியாது. "என் மகன் நாயே வேண்டாம்ங்கறான். நான்தான் பார்க்கலாம், பார்க்கலாம்னு சொல்லிட்டிருக்கேன்."

நாய்க்குக் கட்டணமா என்று முகம் சுளிப்பவர்கள் இந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

டெபாசிட்டைத் திருப்பித் தரவில்லை. ஒரு நாள் அறை மூடிக்கிடக்குமே, அதற்கு அது சரியாகப் போய்விட்டது. ஆனால், கார் கிளம்பும் நேரத்தில் ஒரு பாலித்தீன் கட்டோடு வந்தார். நீல நிறத்தில், பெரியவர்களின் படுக்கைக்கு அடியில் விரிக்கும் ஷீட்டுகள். ஆஸ்பத்திரிகளில் பார்த்திருப்போமே, அவை.

"என் வீட்டுக்காரருக்கு வாங்கினது. மிச்சம் இருக்கு. ராத்திரி கதவுக்கிட்ட விரிச்சு விடுங்க."

மிளகைத் தொடவில்லை. ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

கல்மரமும் கிராண்ட் கேன்யனும்

மூன்றாம் நாளை மிளகின் நாள் என்றே சொல்லலாம். அமெரிக்காவின் பெரும்பாலான தேசியப் பூங்காக்களில் நாய்களுக்குப் பார்க்கிங், தார்ச்சாலை தாண்டி அனுமதியில்லை. அரிசோனாவின் 'பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட்' ஒரு விதிவிலக்கு. ஆறடிக் கயிற்றில் கட்டி, நடைபாதைகளில் தாராளமாகக் கூட்டிப்போகலாம். 20 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய மரங்கள் கல்லாகி, சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாக உடைந்து கிடக்கின்றன. விழுப்புரம் பக்கம் திருவக்கரை கல்மரப் பூங்காவைப் பார்த்தவர்களுக்கு எப்படி இருக்கும் என்று புரியும். இங்கே நிறம் கூடுதல், பரப்பு பிரமாண்டம். வெயில் ஏறும்முன் மிளகு பத்து நிமிடம் நடந்தது. ஒரு கல்மரத்தை நெடுநேரம் முகர்ந்து பார்த்தது. மரம் என்று நினைத்ததா, கல் என்று நினைத்ததா, தெரியவில்லை. காலைத் தூக்கப் போனபோது கணவர் பாய்ந்து இழுத்துவிட்டார்!

அன்றிரவு ஃப்ளாக்ஸ்டாஃப். இங்கிருந்து கிராண்ட் கேன்யன் 130 கிலோமீட்டர்தான். அதன் தெற்கு விளிம்பில், மேலே உள்ள பாதையில் நாயைக் கட்டிக் கூட்டிப்போகவும் அனுமதி உண்டு. ஆனால், பூங்காவின் இலவச பஸ்ஸில் நாயை ஏற்றமாட்டார்கள். மிளகோ அன்றைக்கான நடையை முடித்துவிட்டது. நாய்க் காப்பகம் ஒன்று அங்கே இருந்தாலும், புது இடத்தில் தனியாக விட மனைவிக்கு மனமில்லை. "கிராண்ட் கேன்யன் எங்கயும் போயிடாது கண்ணு" என்றார் அப்பா. மகள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அந்த வயதில் அது சின்ன ஏமாற்றமில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், தரையில் விரித்த நீல ஷீட்டுக்குப் பக்கத்தில் தலையணையைப் போட்டுக்கொண்டு மிளகின் முதுகில் கை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

நான்காம் நாள் அதிகாலை மூன்று மணிக்கே கிளம்பினார்கள். எதிரே மொஹாவி பாலைவனம். ஜூனில் அங்கே பகலில் 40 டிகிரியைத் தாண்டுவது சர்வசாதாரணம். தார்ச்சாலை அதைவிடக் கொதிக்கும். புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. நீடில்ஸ் வரும்போது விடிந்துவிட்டது. பெட்ரோல் பங்கின் நிழலில் மிளகை இறக்கி, தண்ணீர் காட்டி, ஈரத்துணியால் வயிற்றைத் துடைத்து, மறுபடி ஏற்றினார்கள். ஒன்பது மணிக்கு பார்ஸ்டோ. மதியத்துக்குள் பேக்கர்ஸ்ஃபீல்டு.

அங்கே நான்காவது மோட்டல். இந்த முறை மனைவி ஆப்பை நம்பவில்லை. முந்தின நாளே நேராக அந்த மோட்டலின் நம்பருக்கே போன் செய்து கேட்டுவிட்டார். எடைக் கட்டுப்பாடு உண்டா, எத்தனை பவுண்டு? கட்டணம் ஒரு இரவுக்கா, தங்கும் மொத்த நாளுக்குமா? தரைத்தளத்தில் அறை உண்டா? ஐஸ் மெஷினுக்குப் பக்கத்து அறை வேண்டாம், ராத்திரியெல்லாம் ஆள் நடமாட்டம் இருக்கும், நாய் குரைக்கும். பேசியவரின் பெயரையும் எழுதி வைத்துக்கொண்டார். ஒரே சங்கிலி மோட்டலாக இருந்தாலும் கிளைக்குக் கிளை விதி மாறுகிறது. ஓரிடத்தில் 15 டாலர் என்றால், இன்னோரிடத்தில் 50க்கு மேலும் கேட்கிறார்கள்.

ஐந்தாம் நாள் மாலை, ஃப்ரீமான்ட். தரைத்தள அபார்ட்மென்ட். இங்கேயும் நாய்க்கென்று மாத வாடகையில் ஒரு தொகை கூடுதல் என்று அக்ரிமென்டில் இருந்தது. பாட்டியிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

சாமான் லாரி வர இன்னும் இரண்டு நாள் இருந்தது. காலி ஹாலில் பெட்ஷீட்டை விரித்து, தரையில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டார்கள். மகள் நீல ஷீட் ஒன்றை எடுத்துக் கதவருகே விரித்தாள். மிளகு வீட்டை ஒருமுறை மெதுவாகச் சுற்றிவந்தது. ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்தது. பிறகு ஷீட்டைத் தாண்டி வந்து, மூவருக்கும் நடுவே உடம்பைச் சாய்த்துப் படுத்துக்கொண்டது.

"கட்டுல இன்னும் பதினொண்ணு இருக்கும்மா" என்றாள் மகள், எண்ணிப் பார்த்துவிட்டு.